டேட்டா இல்லாமல் ஒரு வலையமைப்பு

கிளிவெட்டியில் ஒரு ரியூசன் கொட்டில். முன் வாங்கில் இருக்கும் பிள்ளை பின் வாங்கில் இருக்கும் கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையில் பத்தடி. அந்தப் பத்தடியைப் படம் நேராகக் கடப்பதில்லை. போனிலிருந்து ஊர்ப்பக்கமுள்ள டவருக்குப் போகிறது. டவரிலிருந்து தொலைபேசிக் கம்பனியின் வழிகளில் கொழும்பை அடைகிறது. அங்கே கடலடிக் கேபிளில் இறங்கி, நாடு தாண்டி, வட்ஸ்அப்பின் சேவையகமொன்றைத் தொட்டு, மறுபடியும் கடல் கடந்து அதே டவருக்கு வந்து பின் வாங்கில் மணியடிக்கிறது. எல்லாம் ஓரிரு விநாடிக்குள். இரண்டு போனிலும் டேட்டா குறைந்திருக்கும்.

அதே படத்தை ஷெயாரிட்டிலோ புளூடூத்திலோ அனுப்பினால் அது கொட்டிலை விட்டு வெளியே போகாது. ரீலோட் வேண்டாம், சிக்னல் வேண்டாம். பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். முழுநீள சினிமாக்களையே அப்படித்தான் கைமாற்றுகிறார்கள். தெரியாமலிருப்பது பெரியவர்களுக்குத்தான். "இன்டர்நெட் இல்லை, அதால லாப் பூட்டிக் கிடக்கு" என்ற பேச்சைக் கிராமத்துப் பாடசாலைப் பக்கம் கேட்காதவர் குறைவு. வலையமைப்பும் இணையமும் ஒன்றுதான் என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. அது பிழையான எண்ணம். பிள்ளைகளுக்கு நட்டம் வைக்கிற எண்ணமும்கூட.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வலையமைப்புகளைத் தூரத்தை வைத்துப் பிரித்துக் கற்பிக்கிறோம். போனும் காதுக்கருவியும் கைக்கடிகாரமும் ஓர் ஆளைச் சுற்றிச் சில மீற்றருக்குள் பேசிக்கொண்டால் அது 'பான்'. ஒரு வீடு, ஒரு கட்டடம், ஒரு வளவு என்றால் 'லான்'. ஒரு நகரத்தின் அளவு என்றால் 'மான்'. மாவட்டம், நாடு, கண்டம் என்று விரிந்தால் 'வான்'. பரீட்சைக்கு இவ்வளவும் போதும். தொழிலில் இருப்பவர்கள் 'மான்' என்ற சொல்லை வாயில் எடுப்பதே அபூர்வம்.

என்னைக் கேட்டால், தூரத்தைவிடக் கேட்கவேண்டிய கேள்வி கம்பி யாருடையது என்பதே. லானில் கம்பியும் சுவிட்சும் உங்களுடையவை. ஒருமுறை வாங்கிப் பூட்டினால் மாதாந்தக் கட்டணம் கிடையாது. வானில் இடைவழி வேறொருவருடையது. கடந்து போக வாடகை கட்டவேண்டும். ஒரு வங்கிக் கிளையின் பணப்பொறி தலைமையகக் கணினியைக் கேட்ட பின்னரே காசைத் தருகிறது. அதுவும் வான்தான், ஆனால் நீங்களும் நானும் உலாவுகிற பொது இணையம் அல்ல. வங்கி தனக்கென்று வேலியடைத்து வைத்திருக்கும் வழி. இணையம் என்பது இப்படி ஆளுக்கொன்றாக இருந்த பல்லாயிரம் வலையமைப்புகள் ஒரே நடப்பொழுங்கில் பேச உடன்பட்டதன் விளைவு. இலங்கையிலும் அது அப்படித்தான் வந்தது. பேராசிரியர் அபய இந்துருவவின் முன்முயற்சியில் 1990களின் முற்பாதியில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம், கொழும்புப் பல்கலைக்கழகம், நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றின் உள் வலையமைப்புகள் 'லேர்ன்' என்ற பெயரில் ஒன்றாக இணைக்கப்பட்டன. இன்று கிழக்குப் பல்கலைக்கழகமும் அதில் ஓர் உறுப்பு. முதலில் உள்ளூர்க் கம்பி, பிறகுதான் உலகம். அந்த ஒழுங்கை நாங்கள் மறந்துவிட்டோம்.

லானின் பிறப்புக்குத் தீவுகளோடு ஒரு தொடர்பு உண்டு. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனின் குழு 1971இல் வெவ்வேறு தீவுகளில் இருந்த கணினி முனைகளை வானொலி அலை வழியே மையக் கணினியோடு இணைத்தது. பெயர் அலோஹாநெட். எல்லோரும் அனுப்புவதற்கு ஒரே அலைவரிசைதான். முறை வைக்கும் அதிகாரி எவருமில்லை. அனுப்ப இருப்பவர் அனுப்பிவிடலாம். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் அலைகள் மோதி இரண்டும் கெடும். 'கிடைத்தது' என்ற பதில் வராது. பதில் வராதவர் சற்றுப் பொறுத்துத் திரும்ப அனுப்ப வேண்டும். பொறுக்கும் நேரம் ஆளுக்காள் தற்செயலாக மாறுபட வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் மறுபடி மோதுவார்கள். விதி இவ்வளவுதான்.

கலிபோர்னியாவில் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் இருந்த ரொபர்ட் மெட்காஃப் இந்த யோசனையைக் கம்பிக்குக் கொண்டுவந்தார். 1973 மே 22ஆம் திகதி அவர் எழுதிய அலுவலகக் குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. பேசத் தொடங்குமுன் கம்பியில் வேறு யாரும் பேசுகிறார்களா என்று கேட்டுப்பார், பேசும்போதே மோதினால் உடனே நிறுத்து என்ற இரண்டை அதில் சேர்த்துக்கொண்டார்கள். தொடக்க வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். மோதல் வரத்தான் செய்யும், வந்தபின் சமாளிப்போம் என்ற அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்த நினைத்த எத்தனையோ தொழினுட்பங்கள் இன்று இல்லை. ஈதர்நெட் இருக்கிறது.

பாடநூலில் பஸ், வளையம், நட்சத்திரம், கண்ணி என்று வடிவங்கள் வரையச் சொல்வார்கள். முதலிரண்டையும் அலுவலகங்களில் இனித் தேடிப் பயனில்லை. பஸ் வடிவில் ஒரே கம்பி கணினி கணினியாக ஓடும். ஓரிடத்தில் அறுந்தால் எல்லாமே படுத்துவிடும். வளையத்துக்கு ஐபிஎம் 1985இல் டோக்கன் ரிங் என்ற முறையைக் கொண்டுவந்தது. விலை கூட, ஈதர்நெட்டோடு போட்டியிட முடியவில்லை. வென்றது நட்சத்திரம். நடுவில் ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கம்பி. ஒரு கம்பி அறுந்தால் ஒரு கணினிக்கு மட்டும்தான் கேடு. சுவிட்ச் எரிந்தால் வகுப்பே வீட்டுக்குப் போகலாம் என்பது உண்மைதான், ஆனால் எங்கே பழுது என்று தேடி அலையத் தேவையில்லை.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள். மேல்தோலைச் சீவினால் உள்ளே 8 செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய 4 சோடிகள். முறுக்கு அழகுக்கல்ல. ஒரு சோடியில் ஒரு கம்பியில் போகும் மின்னலைக்கு நேரெதிரான அலை மற்றதில் போகும். பக்கத்து மின்விசிறியோ அடுத்த சோடியோ உண்டாக்கும் இரைச்சல், முறுக்கியிருப்பதால், இரண்டு கம்பியிலும் ஏறத்தாழ ஒரே அளவாகவே ஏறும். மறுமுனை இரண்டுக்குமிடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறது. இரைச்சல் கழிந்து போய்விடும். நான்கு சோடிகளையும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கியிருப்பதும் ஒன்றன் அலை மற்றதில் ஏறக்கூடாது என்பதற்காகவே.

முனையில் போடும் ஆர்ஜே-45 கொழுவியில் நிற ஒழுங்கு இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை ஏன் நுழைக்கிறார்கள் என்று பழகுபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கேட்டுவிட்டு, சோடி சோடியாக வரிசையில் வைத்து இரு முனையையும் அழுத்திவிடுவார்கள். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். கணினியில் பூட்டினால் கோப்பு இழுபடும், இடையிடையே அறுபடும். காரணம் எளிது. கணினியின் வலையட்டை 3ஆம் ஊசியையும் 6ஆம் ஊசியையும் ஒரு சோடியாக எடுத்துப் பேசுகிறது. நீங்கள் வைத்ததில் அந்த இரண்டும் வெவ்வேறு சோடிகளிலிருந்து வந்தவை. முறுக்கின் பயன் போய்விடுகிறது. மின்சாரம் போகிறது, செய்தி போகவில்லை. முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்கக்கூடாது என்பதும், சுவிட்சிலிருந்து கணினிவரை 100 மீற்றருக்கு மேல் ஒரே கம்பியில் போகக்கூடாது என்பதும் இந்தப் பாடத்தின் மிச்சம். ஒரு கிராமத்துப் பாடசாலையில் வகுப்புக் கட்டடங்கள் பெரும்பாலும் அந்த 100 மீற்றருக்குள் அடங்கிவிடும்.

சுவிட்ச் பூட்டியவுடன் அதற்கு யாரையும் தெரியாது. ஒவ்வொரு கணினியின் வலையட்டையிலும் 48 பிட் நீளமான 'மேக்' முகவரி தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். ஒரு கணினி பேசத் தொடங்கியதும், எந்தத் துளையிலிருந்து எந்த முகவரி பேசியது என்று சுவிட்ச் குறித்துக்கொள்கிறது. தெரியாத முகவரிக்குச் செய்தி வந்தால் மற்ற எல்லாத் துளைகளுக்கும் அனுப்பிவிட்டு, பதில் வரும் துளையை அடுத்த முறைக்கு ஞாபகம் வைக்கிறது. யாரும் அதற்கு எதையும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மேக் முகவரி லானுக்குள் மட்டும் செல்லும். வெளியே போக ஐபி முகவரி வேண்டும். பழைய, இன்றும் பரவலாக உள்ள ஐபி முறை 32 பிட் கொண்டது. கிடைக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. உலகத்தின் போன்களுக்கும் கணினிகளுக்கும் அது காணாது. அதனால் சில எண் வரிசைகளை வீட்டுப் பாவனைக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். உங்கள் ரவுட்டரில் காணும் 192.168 என்று தொடங்கும் எண்கள் அவை. கிளிவெட்டியில் ஒரு கணினிக்கு 192.168.1.5 இருக்கலாம், யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் அதே எண்ணோடு ஆயிரம் கணினிகள் இருக்கலாம். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. வெளியே போகும்போது ரவுட்டர் அந்த எண்ணை மாற்றித் தன் முகவரியைப் போட்டு அனுப்பி, பதில் வரும்போது உரியவரிடம் பிரித்துக் கொடுக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது: 192.168.1.5 என்ற கணினிக்கும் 192.168.1.6 என்ற கணினிக்கும் இடையில் பேச்சு நடக்க வெளியுலகமே தேவையில்லை. சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம். விநாடிக்கு 100 மெகாபிட் செல்லும் சாதாரண சுவிட்சில் 700 மெகாபைட் கோப்பு ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேரும். 1 ஜிகாபிட் சுவிட்ச் என்றால் பத்து விநாடிகூட ஆகாது.

வைஃபை, அலோஹாநெட்டின் நேர் வாரிசு. 1997இல் அதன் முதல் தரநிலை வந்தது. எல்லோருக்கும் பொதுவான காற்று, எல்லோரும் கேட்டுவிட்டுப் பேசவேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் 'கிடைத்தது' வரவேண்டும். ஆகவே 30 போன்கள் ஒரு ரவுட்டரில் தொங்கினால் வேகம் 30 ஆகப் பங்குபடுவது இயல்பே. கம்பனியைத் திட்டிப் பயனில்லை. நிலையாக ஓரிடத்தில் இருக்கும் கணினிக்குக் கம்பிதான் சரி. நடமாடுவதற்கு வைஃபை.

இனி ஊருக்கு வெளியே. அடுத்த முறை டவரைக் கடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். மூன்று திக்கையும் பார்த்து நிற்கும் நீளமான பலகைகள் உங்கள் போனோடு பேசுபவை. அவற்றுக்கிடையே மேளம்போல் வட்டமாக இருப்பது நுண்ணலைத் தட்டு. அது போனோடு பேசாது, தூரத்து டவரில் இருக்கும் இன்னொரு வட்டத்தோடு மட்டும் பேசும். வட்டம் இல்லாத டவருக்கு அடியில் கண்ணாடி இழைக் கேபிள் வந்திருக்கக்கூடும். அந்த வட்டத்திலோ இழையிலோ இருக்கும் இடத்தைத்தான் ஊரே பங்கிட்டுக்கொள்கிறது. சிக்னல் நான்கு கோடு காட்டியும் வீடியோ சுற்றிக்கொண்டிருப்பதற்குப் பல வேளைகளில் காரணம் இதுவே: டவர்வரை வழி நன்று, டவருக்கு அப்பால் நெரிசல்.

கொழும்புக்குப் போனபின் வழி கடலுக்குள் இறங்குகிறது. சீமீவீ-3 என்ற கேபிள் கல்கிசையில் கரையேறியது. 2005இல் சீமீவீ-4 வந்தது. பிறகு வங்காள விரிகுடா நுழைவாயில் கேபிளும், மாத்தறையில் கரையேறும் சீமீவீ-5உம் சேர்ந்தன. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். 3,000 கிலோமீற்றரைக் கடக்க 15 மில்லி விநாடி போதும். அதனால்தான் பத்தடி தள்ளியிருப்பவருக்குக் கடல் கடந்து போன படமும் உடனே வந்ததுபோல் தெரிகிறது. புவிநிலைச் செய்மதி வழி போனால் மேலே 35,786 கிலோமீற்றர் ஏறி இறங்க வேண்டும். கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி. ஸ்டார்லிங்கின் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில்தான் சுற்றுகின்றன, ஆகவே அந்தத் தாமதம் அதில் இல்லை.

2004 ஒகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஓர் இந்தியக் கப்பல் போட்ட நங்கூரம் சீமீவீ-3 கேபிளை அறுத்தது. நாட்டின் இணையத்திலும் வெளிநாட்டு அழைப்புகளிலும் பெரும்பகுதி படுத்தது. ஒரே வழியை நம்பியிருப்பதன் விலை அது. போல் பரன் என்ற பொறியியலாளர் 1964லேயே இதை எழுதிவைத்தார்: ஒரு மையத்தை நம்பும் வலையமைப்பு மையத்தோடு சாகும், ஒவ்வொரு முனைக்கும் பல வழிகள் இருந்தால் சில அறுந்தாலும் செய்தி சுற்றிப் போய்ச் சேரும். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு சந்தியிலும் அப்போது திறந்திருக்கும் வழியில் அனுப்புவது இணையத்தின் அடிப்படை. கிளிவெட்டி இருக்கும் கொட்டியாரப் பகுதி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துறைகளில் பாலங்கள் அமையும்வரை திருகோணமலைக்குப் போவதென்றால் மூதூரில் லோஞ்ச் ஏறவேண்டும், அல்லது துறை துறையாகப் 'பாதை' எனும் மிதவையில் கடக்கவேண்டும், அதுவும் முடியாத நாளில் சேருநுவர வழியே கந்தளாய்க்குப் போய்ச் சுற்றவேண்டும். எந்த வழி திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் புறப்பட்டவர் செய்ததைத்தான் ரவுட்டர் ஒவ்வொரு துண்டுக்கும் செய்கிறது.

இப்படிப் பல வழிகளால் பின்னப்பட்ட கண்ணி வடிவம் பரனின் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. வில்பத்துக் காட்டோரம் அநுராதபுர மாவட்டத்திலுள்ள மகாவிலச்சிய என்ற விவசாயக் கிராமத்தில், நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998இல் ஹொரைசன் லங்கா என்ற கல்வி முயற்சியைத் தொடங்கினார். 2006இல் அந்தக் கிராமத்து வீடுகளை இணைத்து வைஃபைக் கண்ணி வலையமைப்பு ஒன்று அமைந்தது. ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தன் செய்தியை மட்டுமன்றி அடுத்த வீட்டின் செய்தியையும் ஏந்தி அனுப்பும். ஒரு கருவி நின்றாலும் மற்ற வீடுகளைச் சுற்றி வழி கிடைக்கும்.

தமிழ்நாட்டின் தேனியில் நடந்தது இன்னும் சுவையானது. அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் கண் பரிசோதனை நிலையங்களைத் திறந்தது. அங்கே வரும் நோயாளியை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்க்கவேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு, கடையில் வாங்கும் வைஃபை அட்டையையும் ஒரு திக்கை மட்டும் பார்க்கும் அன்டெனாவையும் வைத்துப் பல கிலோமீற்றர் தூரத்தை இணைத்தது. எளிதாக அமையவில்லை. வைஃபை ஒரு துண்டை அனுப்பிவிட்டுப் பதிலுக்கு மிகச் சிறிது நேரமே காத்திருக்கும், அது வீட்டுக்குள் பாவிக்கச் செய்த பொருள். 15 கிலோமீற்றரைக் கடக்க அலைக்கே 50 மைக்ரோ விநாடி வேண்டும். பதில் வருமுன்னர் தொலைந்ததென்று எண்ணித் திரும்ப அனுப்பிவிடும். ஆகவே குழுவின் ஆய்வாளர்கள் வைஃபையின் விதியையே மாற்றினார்கள். கேட்டுப் பேசும் முறையை விட்டுவிட்டு, இந்த நேரம் உனக்கு, அடுத்த நேரம் எனக்கு என்று முறை வகுத்தார்கள். துண்டுக்கொரு பதில் என்றிருந்ததைக் கட்டுக்கொரு பதில் என்றாக்கினார்கள். வேகம் பல மடங்கு கூடியது, அதே மலிவான அட்டையில். இடையில் மரமோ மேடோ மறைக்காத நேர்ப்பார்வை ஒன்றுதான் நிபந்தனை. கிளிவெட்டியைச் சுற்றியுள்ள வயல்வெளியில் அதற்குக் குறைவில்லை, தென்னையும் பனையும் உயர்ந்த இடங்களைத் தவிர்த்தால்.

அவ்வளவு தூரம் போகத் தேவையுமில்லை. ஒரு பாடசாலையில் ஓடக்கூடிய கணினிகள் நாலைந்து இருந்தாலே போதும். அவற்றில் ஒன்றைச் சேவையகமாக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் இணையம் உள்ள ஓரிடத்தில் ஒருமுறை இறக்கி அதில் போட்டுவிடலாம். தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இணையமின்றி வாசிக்க கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. எல்லாம் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' எண்ணிம நூலகத்திலிருந்து ஈழத்துப் பழைய நூல்களையும் சேர்க்கலாம். பிறகு லாபில் எந்தக் கணினியில் இருந்தும், ரவுட்டர் ஒன்றும் இருந்தால் ஆசிரியரின் போனில் இருந்தும், அத்தனையையும் வாசிக்கலாம். மாதக் கட்டணம் ஒன்றுமில்லை. இணையம் வரும் நாளில் ரவுட்டரில் ஒரு கம்பியைக் கூடுதலாகக் கொழுவினால் சரி. முன்பு செய்ததில் எதுவும் வீணாகாது.

வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஊர்ப் பாடசாலைக்குக் கணினி அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு கணினியைக் குறைத்துக்கொண்டு, 16 துளைச் சுவிட்ச் ஒன்றும், 305 மீற்றர் கேபிள் பெட்டி ஒன்றும், ஒரு கை நிறைய ஆர்ஜே-45 கொழுவிகளும், அவற்றை அழுத்தும் குறடும் சேர்த்து அனுப்புங்கள். பூட்டித் தர ஆள் அனுப்ப வேண்டாம். அதைப் பிள்ளைகளே செய்யட்டும்.